டிவி பார்த்தபடி நனைத்த கை

என் மகனுக்கு முப்பத்துநாலு வயது. தா.பழூர் பக்கம் நெல் விவசாயம். வீடு பார்க்க வந்த மூன்று பெண் வீட்டாரும் வயலைக் குறை சொல்லவில்லை. என்னைத்தான் சொன்னார்கள். பெரிய பொட்டு, உரத்த குரல், நிமிர்ந்த நடை. டிவியில் வரும் மாமியார் மாதிரியே இருக்கிறேனாம். தரகர் வந்து சொன்னார். நான் இந்தப் பொட்டு வைக்கத் தொடங்கியபோது எங்கள் ஊரில் டிவியே கிடையாது.

நாலாவதாகக் குரும்பலூரிலிருந்து பெண்ணின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள்.

"பொட்ட கொஞ்சம் சின்னதா வையேம்மா. கொஞ்சம் சிரி" என்றான் மகன்.

"சிரிச்சா வில்லிம்பாங்கடா" என்றேன். பொட்டை மாற்றவில்லை.

எங்கள் பக்கம், சம்மதம் என்றால்தான் மாப்பிள்ளை வீட்டில் கை நனைப்பார்கள். இல்லையென்றால் ஒரு வாய் தண்ணீரோடு எழுந்துவிடுவார்கள். மூன்று தடவையும் கேசரியை நாங்களே தின்றோம்.

ஆண்கள் போர்வெல்லைப் பார்க்கப் போனார்கள். பெண்ணின் அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஒரு பத்து நிமிஷம் டிவி போடலாங்களா? இன்னைக்கு முக்கியமான கட்டம்."

போட்டேன். நானும் பார்க்கிற தொடர்தான். மருமகள் குடிக்கப்போகும் பாலில் மாமியார் ஏதோ பொடியைக் கலந்துகொண்டிருந்தாள். வந்தவர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு பக்கங்க?"

"பால்ல கலக்கணும்னா வூட்டுல பால் இருக்கணுங்க. எங்க மாடு வத்தி ரெண்டு மாசமாச்சு."

அவர் சிரிக்கவில்லை. மருமகள் டம்ளரைத் தூக்கினாள். இவர் கை தானாக, முன்னால் வைத்திருந்த கேசரித் தட்டுக்குப் போனது. ஒரு வாய், இரண்டு வாய். மருமகள் கையிலிருந்து டம்ளர் நழுவி விழுந்தபோது தட்டில் பாதி காலி. விளம்பரம் வந்தது. அவர் தன் விரலில் இருந்த நெய்யைப் பார்த்தார்.

போர்வெல்லிலிருந்து திரும்பி வாசலில் நின்ற என் மகனும் பார்த்துவிட்டான். கை நனைந்தால் பேச்சு மாறக்கூடாது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், கல்யாணம் முடிந்தது.

"இது கணக்குல சேராதுங்க" என்றேன். "டிவிய பாத்து சாப்புட்டது. கைய கழுவிட்டு யோசிச்சு சொல்லுங்க."

மகன் என்னைப் பார்த்த பார்வையை எந்தத் தொடரிலும் நான் பார்த்ததில்லை.

அவர் கை கழுவிவிட்டு வந்தார். தொடர் மறுபடி ஆரம்பித்திருந்தது. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, என்னைப் பொட்டிலிருந்து பாதம் வரை பார்த்தார்.

"சம்பந்தி, இன்னொரு கரண்டி வைங்க. இத ஒங்கள பாத்துகிட்டே சாப்புடுறேன்."

வைத்தேன்.