நாத்தனாருக்கு வைத்த பொறி

மருந்துக்காரிக்குத் தன் நாத்தனாரைக் கண்டாலே ஆகாது. வீட்டில் ஒரே அடுப்பு, வேலையிடத்தில் ஒரே தாழ்வாரம். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இவள் காசநோய்க்குப் புது மருந்து தேடுகிறவள். காகிதத்தில் மூலக்கூறை வரைந்து, குடுவையில் காய்ச்சி, வடிகட்டி, உலர்த்தி, கடைசியில் ஒரு சிட்டிகைப் பொடியை எண் ஒட்டிய குப்பியில் போட்டுக் கொடுப்பாள். அந்தப் பொடியைக் கிருமிமேல் விட்டுப் பார்ப்பது நாத்தனாரின் வேலை. தாழ்வாரத்தின் அந்தக் கோடியில், இரட்டைக் கதவுக்குப் பின்னால், முகமூடியும் கையுறையுமாக நிற்பாள். கிருமியோ மகா சோம்பேறி, வளரவே வாரக்கணக்காகும். அத்தனை நாள் காத்திருந்தால் கிடைப்பது ஒரே பதில்தான்.

"சாகலை அண்ணி."

வருஷக்கணக்காக இதே பாட்டு. கல்யாணத்தின்போதே "இந்தப் பொண்ணு வேண்டாம்ணா" என்று குறுக்கே விழுந்தவள்தானே, இப்போது மட்டும் நல்லதா சொல்வாள்? வேண்டுமென்றே தன் பிழைப்பில் மண்ணை வாரிப் போடுகிறாள் என்று இவள் முடிவே கட்டிவிட்டாள். கணவனிடம் சொன்னால், "ரெண்டு பேரும் என்னை விட்டுடுங்க" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். இதற்கிடையில், இந்த வருஷமும் ஒன்றும் தேறாவிட்டால் அவளுடைய ஆய்வறையை மூடிவிடுவதாக ஆய்வுக்கூடத் தலைவர் சொல்லிவிட்டார்.

அன்றைக்குத்தான் அவள் புத்தி அப்படிப் போயிற்று. அலமாரியில் காசநோய்க்காரர்கள் காலங்காலமாக விழுங்கிவரும் பழைய மருந்து இருந்தது. அதில் ஒரு சிட்டிகையை எடுத்துக் குப்பியில் போட்டு, தன் புது எண்ணை ஒட்டி அனுப்பினாள். இதற்கும் 'சாகலை' என்று வரட்டும், கையும் களவுமாகப் பிடித்து, தலைவர் முன்னால் அவள் மானத்தை வாங்க வேண்டியதுதான். கேட்க வேண்டிய கேள்விகளைக்கூட மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

சில வாரம் கழித்து நாத்தனார் ஓடி வந்தாள். முகமூடி அழுத்திய தடம் கன்னத்தில் இன்னும் சிவப்பாக இருந்தது.

"அண்ணி! செத்துருச்சு, மொத்தமும் செத்துருச்சு! முதல்ல நானே நம்பலை, அதான் உங்ககிட்ட சொல்லாம மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதேதான்! சார்கிட்ட சொல்லிட்டேன், அடுத்து எலிக்குக் கொடுத்துப் பார்க்க ஏற்பாடு பண்றார்."

பின்னாலேயே தலைவரும் பாராட்டிக் குலுக்கக் கை நீட்டிக்கொண்டு வந்தார். மருந்துக்காரிக்குச் சொல்லாமல் தப்ப வழியில்லை. சொன்னாள், அரைகுறையாக, தரையைப் பார்த்துக்கொண்டே.

தலைவர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். "மாசக் கடைசிக்குள்ள அறையைக் காலி பண்ணிடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

நாத்தனார் போகவில்லை. அவள் கண்ணில் சற்றுமுன் இருந்த சந்தோஷம் துடைத்துவிட்டாற்போல் போயிருந்தது.

"என்னைத் திருடின்னு நினைச்சீங்க, சரி. எனக்கும் உங்களைப் பிடிக்காதுதான், பொய் சொல்லலை. ஆனா என் சோதனையில தப்பில்லைன்னு இப்ப நீங்களே காட்டிட்டீங்க. அப்போ இத்தனை வருஷமா நீங்க செஞ்சது எதுவும் ஒரு கிருமியைக்கூடக் கொல்லலை. அது நிஜம் அண்ணி."

பதிலுக்கு எதையாவது சுருக்கென்று சொல்ல வேண்டும் என்று மருந்துக்காரிக்கு வாய் துடித்தது. ஆனால் வயிறெரிந்து திட்டுவதற்கு இனி அவளுக்குத் தன்னை விட்டால் ஆளில்லை.