கூடுதல் பட்டினி

லிஃப்ட் மெக்கானிக்குக்கு எதிலும் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கி வைத்தால்தான் நிம்மதி. எட்டுப் பேர் ஏறலாம் என்று எழுதியிருந்தால் ஆறாவது ஆளோடு கதவைச் சாத்தச் சொல்வார். இவர் ஸ்டேஷனுக்குப் போகும் நேரத்துக்கு ரயிலே இன்னும் எழுந்திருக்காது என்பாள் மனைவி.

மகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பல் எடுக்கும் ஆபரேஷன். நள்ளிரவுக்கு மேல் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதும், மனுஷர் சாயங்காலமே சாப்பாட்டை நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு உடம்பில் வளர்ச்சி ஹார்மோன் போதாது. அதற்காகத் தினமும் படுக்கும்முன் ஒரு ஊசி. வெறும் வயிற்றில் ஊசி எதற்கு என்று அதையும் போடவில்லை.

மறுநாள் காலை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்தார்கள். இவர்களுக்கு முன் போனவர்கள் வெளியே வந்தபாடில்லை. மகள் தோளில் சாய்ந்து கிடந்தாள். பின்கழுத்து சில்லென்று வேர்த்திருந்தது.

"என்னங்க, கூப்பிட்டா பேசவே மாட்டேங்கறா."

தூக்கக் கலக்கம் என்றார். பிள்ளைக்கு முடியவில்லை என்று வாயைத் திறந்தால் இன்றைய முறை போய்விடும். அடுத்த தேதி கிடைக்கும்வரை பல்வலியில் பிள்ளை இன்னும் சில மாதம் துடிக்க வேண்டும். நர்ஸ் வந்து கடைசியாக எப்போது சாப்பிட்டாள் என்று கேட்டாள். ராத்திரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. கையிலிருந்த சின்ன விரல்கள் துவண்டு நழுவின.

"நேத்து சாயங்காலம், சிஸ்டர். ஊசியும் போடல. நாந்தான் வேணாம்னுட்டேன்."

நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாள். சர்க்கரை அளவைப் பார்த்தவள் பிள்ளையை அப்படியே வாரிக்கொண்டு உள்ளே ஓடினாள். குளுக்கோஸ் ஏறியது. மனைவி இவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

டாக்டர் பிறகு சொன்னார். பட்டினி கிடக்கும்போது உடம்பு இந்த ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்குமாம். அது சேர்த்து வைத்த கொழுப்பைக் கரைத்து எரியவிட்டு, சர்க்கரையையும் தசையையும் காப்பாற்றும். இவளுக்கு அந்தக் காவல் குறைவு. ஊசியும் இல்லாமல், சின்ன உடம்பில் இருந்த கையிருப்பு சீக்கிரம் தீர்ந்துவிட்டது. இப்படி ஒரு பிள்ளை என்று முன்பே சொல்லியிருந்தால் முதல் ஆளாக எடுத்திருப்போம் என்றார். கேட்டால்தானே சொல்வோம் என்று வாய்வரை வந்ததை லிஃப்ட் மெக்கானிக் விழுங்கிக்கொண்டார்.

கட்டிலில் மகள் கண் திறந்தாள்.

"அப்பா, பல்லு எடுத்தாச்சா?"

"இல்லம்மா. இன்னொரு நாள்."

உதடு பிதுங்கியது. அடுத்த நொடி வார்டே திரும்பிப் பார்க்கும்படி ஓங்கி அழுதாள். மனைவி அவளைச் சமாதானப்படுத்தக் குனிந்தாள். அவர் மெதுவாக மனைவியின் கையைப் பிடித்துத் தடுத்தார்.

"கொஞ்சம் அழட்டும். குரல் கேக்குதே."