ஐந்தாம் நாள் கோபம்

செல்லத்துரை அண்ணை போய்விட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்ன நேரம், வெங்காயப் பாத்தியைக் கிளறிய ஓர் அணிலை நான் திட்டிக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால், "இன்னும் கோவம் போகேல்லையோ?" என்று சிரித்திருப்பார்.

லண்டன் ஃபாரஸ்ட் கேட் கடைகளில் எலி பிடித்தவராக உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். எண்பதுகளின் கடைசியில் நான் அவரைத் தேடிப் போனது ஓர் அணிலுக்காக. மனோர் பார்க்கில் எங்கள் கூரைக்குள் புகுந்த அது, பெட்டியில் இருந்த மனைவியின் கூறைச் சேலையைக் கிழித்துப் படுக்கை போட்டிருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்த சேலை அது. மூன்று நாளாக அவள் என்னோடு பேசவில்லை. அணிலின் உயிரை எடுத்தால்தான் எனக்குச் சோறு இறங்கும் போலிருந்தது.

"அணிலைக் கொன்றால் பாவமெல்லோ அண்ணை?" என்று அவள் அவரிடம் கேட்டாள்.

அவர் வேலியில் இருந்த சாம்பல்நிற அணிலைக் காட்டினார். "முதுகைப் பாரும் தங்கச்சி. கோடு இல்லை. இதை ராமர் தொடேல்லை."

கம்பிக்கூட்டை அவர் தந்த அன்றே கச்சான் கடலை போட்டு, கதவு விழும்படி வைத்தேன். அணில் தலையை நீட்டுமுன் கதவு விழுந்தது, அது ஓடிவிட்டது. எனக்குப் பள்ளிக்கூடம் எட்டாம் வகுப்போடு நின்றது, பொறுமை அதற்கும் முன்பே நின்றுவிட்டது.

"நாலு நாள் கதவைக் கட்டிவைச்சு, மாப்பிள்ளைக்குப் போடுற மாதிரிச் சாப்பாடு போடும். அது பயமில்லாமல் வந்து போகட்டும். கோவம் ஐஞ்சாம் நாள்தான்," என்றார் அண்ணை.

பல்லைக் கடித்துக்கொண்டு நாலு நாள் விருந்து வைத்தேன். ஐந்தாம் நாள் காலை கட்டை அவிழ்த்தேன். மத்தியானம் அணில் உள்ளே இருந்தது. வேட்டைக்காரன் போல நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

அண்ணை மனைவியைப் பார்த்து, "இப்ப சந்தோசமோ தங்கச்சி?" என்றார்.

"பூட்டச் சொல்லியும் பெட்டியைத் திறந்தபடி மேலை வைச்சது அணில் இல்லை அண்ணை."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இந்தக் கூடு காணாது, பெரிசு வேணும்," என்றார்.

அணிலைச் சாக்கால் மூடிக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று நான் கேட்கவில்லை, இரக்கமும் வரவில்லை.

மறுநாள் வெறுங்கூட்டை என்னிடமே தந்துவிட்டார். அது இன்றும் என் கொட்டிலில் இருக்கிறது. அவர் சொன்ன சொல்லும் என்னிடம் இருக்கிறது. சேலையைப் பற்றி மனைவி அதன்பின் வாயே திறக்கவில்லை. ஆனால் நாலு நாள் தொடர்ந்து நண்டுக் கறி வைத்தாளென்றால், ஐந்தாம் நாள் நான் கதவுப் பக்கமாகவே உட்காருகிறேன்.