கடுகின் குதிகாலும் எண்பது நம்பர் உப்புத்தாளும்

என் வீட்டுக்காரர் மரச்சாமான்களுக்குப் பாலிஷ் போடுகிறவர். பதினெட்டு வருஷமாக அதே பட்டறை, அதே வார்னிஷ் வாசனை. மேசையோ அலமாரியோ எது வந்தாலும் முதலில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார், தூளை ஊதுவார், பிறகு கண்ணை மூடிக்கொண்டு வலது கட்டைவிரலால் ஒரு தடவு தடவிப் பார்ப்பார். கண்ணுக்குத் தெரியாத மேடுகூட அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். "அவன் விரல் வெச்சுப் பாக்கட்டும், அப்புறம் வண்டியில ஏத்துங்க" என்பார் பட்டறை முதலாளி. நல்ல வேலைக்காரர்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கை சும்மா இருக்காது. கதவு விளிம்பு, கரண்டிப் பிடி, என் சீப்பு என்று எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார். மரச்சீப்பு வாங்குவதையே நான் விட்டுத் தொலைத்துவிட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், ஒன்பது வயது. ஆள் சிறிசு, வெடிப்பு பெரிசு என்பதால் வீட்டில் அவளுக்குக் கடுகு என்று பெயர். அப்பா பிள்ளை. நகம் வெட்ட, முள் எடுக்க, ஆடுகிற பல்லைப் பிடுங்க, எல்லாவற்றுக்கும் அப்பாதான் வேண்டும். நான் நகவெட்டியைக் கையில் எடுத்தாலே, "ஐயோ, நீ சதையோட சேத்து வெட்டிடுவே!" என்று ஓடுவாள். பத்து மாதம் சுமந்தவளுக்குக் கிடைத்த மரியாதை இது.

ஒருநாள் பள்ளிக்கூடத்திலிருந்து நொண்டிக்கொண்டு வந்தாள். வலது குதிகாலில் பட்டாணி அளவுக்குத் தோல் தடித்திருந்தது, நடுவில் கறுப்பாக இரண்டு மூன்று புள்ளி. அப்பாக்காரர் பார்த்த மாத்திரத்தில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இது கால் ஆணி. நாள் பூரா நின்னு நின்னு எனக்கு வராததா?"

"எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாங்க."

"இதுக்குப் போய் டாக்டரா? என் கை எதுக்கு இருக்கு?"

தினமும் சாயங்காலம் வைத்தியம் நடந்தது. வெந்நீரில் கால் ஊறும். பிறகு கடுகு ஸ்டூலில் உட்கார்ந்து காலை அவர் மடியில் போடுவாள். அவர் பட்டறையிலிருந்து கொண்டுவந்த நைஸ் உப்புத்தாளால் தேய்ப்பார், ஊதுவார், கண்ணை மூடிக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார். "கூசுதுப்பா!" என்று அவள் சிரிக்கிற சிரிப்பு தெருவரைக்கும் கேட்கும். மூன்று வாரம் இந்தக் கூத்து. மேடு மட்டும் குறைந்தபாடில்லை. ஒரு மேடு தன் கைக்கு அடங்காமல் இருப்பதை அவரால் தாங்க முடியவில்லை. மனுஷன் சாப்பிடும்போதுகூட அந்தக் குதிகாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்பது நம்பர் தாளை எடுத்தார். பழைய கதவில் பெயிண்டை உரிக்கிற சொரசொரத் தாள் அது. நாற்காலிக் காலைப் பிடிக்கிற மாதிரி அவள் கணுக்காலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். நான் சமையலறையில் இருந்தேன்.

"வலிக்குதுப்பா."

"ஆயிடுச்சு தங்கம், கொஞ்சம் பொறுத்துக்கோ."

"அப்பா, வலிக்குது!"

மூன்றாவது தடவை அவள் அலறினாள். நான் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். அவர் துண்டு முழுக்க ரத்தம். கறுப்புப் புள்ளிகளை ஆணியின் வேர் என்று நினைத்து, அதையும் சேர்த்து எடுத்துவிடப் பார்த்திருக்கிறார். அவரை நான் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. முதல் இரண்டு தடவை அவள் சொன்னது எனக்கும் கேட்டது. சும்மா சிணுங்குகிறாள் என்று நானும் அடுப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் தெருமுனை மருந்துக்கடைக்குப் போனோம். கடைக்கார அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காலைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு இப்படித் தோண்டினது?"

"இவர்தான்" என்றேன்.

"அண்ணே, இது ஆணி இல்ல, மரு. ஒட்டிக்கிற வியாதி. அந்தக் கறுப்புப் புள்ளி எல்லாம் ரத்தக்குழாய். அதைத் தோண்டினா ரத்தம் வராம வேற என்ன வரும்?"

புண் முழுசாக ஆறும்வரை மருந்து வைக்கக் கூடாது. ஆறிய பிறகு தினம் ஐந்து நிமிஷம் வெந்நீரில் ஊற வைத்து, மேலே வெளுத்திருக்கிற செத்த தோலை மட்டும் நகம் தேய்க்கிற அட்டையால் மெதுவாக எடுக்க வேண்டும். மருவின் மேல் ஒரு சொட்டு மருந்து, அதன்மேல் பிளாஸ்திரி. அந்த அட்டை வேறு யார்மேலும் படக் கூடாது. "மூணு மாசம்கூட ஆகும். குறையலேன்னா டாக்டர்கிட்ட போங்க" என்று சின்னக் குப்பியைக் கொடுத்தார். இவர் முகம் சுண்டிப் போயிருந்தது.

புண் பத்து நாளில் ஆறிவிட்டது. ஆனால் கடுகு அப்பாவிடம் காலைக் கொடுக்கவில்லை. அவர் பக்கத்தில் வந்தாலே காலை மடக்கி அடியில் வைத்துக்கொண்டாள். வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட்டுக்கொண்டு திரிந்தாள். மருந்து வைப்பது என் வேலையாயிற்று. அவர் வெந்நீர் வைப்பார், கை விட்டுச் சூடு பார்ப்பார், கால் ஊற வைக்கிற பேசினைக் கொண்டுவந்து வைப்பார். "அப்பா வெளிய போகட்டும்" என்பாள். அவர் எழுந்து வெளியே போய்விடுவார்.

நகம் வெட்டவும் இப்போது என்னிடம்தான் வந்தாள். ஜெயித்துவிட்டேன் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் முடியவில்லை.

"என்னைப் பாத்தாலே காலை இழுத்துக்கறா" என்றார் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த என்னிடம்.

"பின்னே? பயந்து கிடக்கறா."

"மரு போனா போகுது, போகாட்டிப் போகுது. மறுபடி என் மடியில காலைப் போடுவாளா?"

மடித்த துணியையே மறுபடி உதறி மடித்தேன்.

இரண்டு மாதம் போயிருக்கும். அவர் கட்டைவிரலில் ஒரு சின்ன மேடு. மரச் சிலாம்பு ஏறியிருக்கும் என்று இரண்டு நாள் ஊசியால் நோண்டினார். பிறகு மருந்துக்கடை அம்மாளிடம் காட்டினால் அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"தேய்ச்சதும் இல்லாம, விரலை வெச்சுத் தடவி வேற பாத்தீங்களாக்கும்?"

பிள்ளையின் மரு அப்பனுக்கு ஒட்டிக்கொண்டது. பட்டறையில் பிளாஸ்திரி ஒட்டிய விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பான ஒரு மேசையை அனுப்பிவிட்டார். முதலாளி வாயைக் கேட்க வேண்டுமா? நான்கு நாள் கிண்டல் ஓயவில்லை.

கடுகுக்கு மருந்து வைத்து முடித்ததும் அவர் தனியாக ஒரு டம்ளர் வெந்நீரோடு, தனி அட்டையோடு, மூலையில் உட்காருவார். வலது கட்டைவிரல் என்பதால் இடது கையால் தேய்க்க வேண்டும். அட்டை வழுக்கும், மருந்து பக்கத்துத் தோலில் சிந்தும், எரியும். கடுகு மூன்று நாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் நாள் ஒரு பாலிதீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு எதிரே போய் உட்கார்ந்தாள்.

"குடு. உனக்குப் பண்ணவே தெரியல."

அவர் விரலை நீட்டினார். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள்.

"ஸ்ஸ்... வலிக்குதும்மா" என்றார்.

அவள் அட்டையை உடனே எடுத்துவிட்டாள். காத்திருந்தாள். "இப்போ?"

"இப்போ இல்ல."

மறுபடி தேய்த்தாள். மறுபடி அவர் முகம் சுளித்தார். அவர் வாய் திறப்பதற்குள் நிறுத்திவிட்டாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு நான் நிறுத்தலையே, கடுகு."

"ஆமா. நான் மூணு தடவை சொன்னேன்."

"கேட்டுச்சும்மா. கேட்டும் நிறுத்தல. தப்பு என்னுதுதான்."

அவள் ஒரு சொட்டு மருந்து விட்டாள், பிளாஸ்திரி ஒட்டினாள், பாலிதீன் பையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். எழுந்து போகிற போக்கில், "நாளைக்கு என் காலுக்கு நீயே பண்ணு. அம்மா ரொம்ப நேரம் எடுத்துக்கறா" என்றாள்.

மறுநாள் சாக்ஸைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். காலை அவர் மடியில் போட்டாள். அவர் ஒரு இழுப்பு இழுத்தார். "வலிக்குதா?" இன்னொரு இழுப்பு. "வலிக்குதா?" பத்து தடவைக்கு மேல் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயோ அப்பா! இப்படிக் கேட்டுக்கிட்டே இருந்தா எப்ப முடியும்?"

நான் சமையலறையில் நின்று அழுதேன். அவர் அடுத்த இழுப்புக்கு முன்னாலும் கேட்டார்.