மாப்பிள்ளை வண்டியும் மாமனாரும்

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் ‘மாமனார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பெண்ணும் கிடையாது, மருமகனும் கிடையாது. இருந்ததெல்லாம் பதினேழு வருஷத்துப் பழைய பிக்கப் வண்டி ஒன்று. அதைக் கல்யாண மாப்பிள்ளைபோல எந்நேரமும் பளபளவென்று வைத்திருப்பார். வண்டி மாப்பிள்ளை என்றால் அதைத் தாங்கு தாங்கென்று தாங்குகிறவர் மாமனார்தானே! எவனோ ஒரு வம்புக்காரன் வைத்த பெயர், அப்படியே ஒட்டிக்கொண்டது.

பிழைப்பு ஆஸ்பத்திரித் துணி. விரிப்பு, தலையணை உறை, ஆபரேஷன் அறையின் பச்சைத் துணி எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக ஏற்றி வருவார். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் மனைவி அவற்றைக் கொதிநீரில் வேகவைத்து, அலசி, உலர்த்தி, இஸ்திரி போட்டு மடிப்பாள். மறுநாள் காலை ஆறரைக்கு அவை ஆஸ்பத்திரி ஸ்டோரில் இருக்க வேண்டும். வருஷத்தில் மூன்று முறை தாமதமானால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி உண்டு. பதினோரு வருஷமாக ஒருநாள்கூடத் தாமதமானதில்லை. அதனால் அந்த வரியைப் புருஷனும் மனைவியும் மறந்தே போயிருந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணியைச் சும்மா கொடுக்க மாட்டார்கள். கிருமி சாக மருந்துத் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்டத்தான் கொடுப்பார்கள். அந்தத் தண்ணீர் இரும்பைக் கரையான் மாதிரி அரிக்கும். வேறு எவன் வண்டியாக இருந்தாலும் மூன்றே வருஷத்தில் அடித்தகடு ஓட்டையாகியிருக்கும். மாமனார் விடுவாரா? வருஷத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு அடியில் பாய் விரித்துப் படுத்து, தன் கையாலேயே கறுப்புப் பெயிண்ட் அடிப்பார். மனைவி பக்கத்தில் உட்கார்ந்து டார்ச் பிடிப்பாள். “போதுங்க, மாப்பிள்ளைக்குச் சளி பிடிச்சுக்கப் போகுது” என்பாள்.

இந்த வருஷம்தான் சனியன் பிடித்தது. ஒருநாள் காலை சிக்னலில் நின்ற வண்டி மறுபடி கிளம்பவே இல்லை. பின்னால் நின்றவர்கள் ஹாரனை அடித்து மானத்தை வாங்கினார்கள். அரைமணி நேரம் ஆறிய பிறகு ஒன்றுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆயிற்று. அது முதல் தாமதம். அடுத்த வாரமே ஆஸ்பத்திரி வாசலுக்கு நானூறு அடி முன்னால் அதே கூத்து. அது இரண்டாவது. அப்போதுதான் ஒப்பந்தத்தின் அந்த ஒரு வரி அவருக்கு ஞாபகம் வந்தது; வண்டியை முக்குக் கடைக்கு ஓட்டிப் போனார்.

ஆட்டோ எலெக்ட்ரீஷியன் தன் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“மாமனாரே, மூளை போச்சு.”

“யாருக்கு?”

“வண்டிக்குத்தாங்க. எப்ப எவ்வளவு டீசல் அடிக்கணும்னு இன்ஜினுக்குச் சொல்ற கம்ப்யூட்டர் பெட்டி. உள்ள போர்டு கருகி இருக்கு. இது சும்மா கருகாதே! பேட்டரி, வயரு, இன்ஜின்கிட்டன்னு எங்கயாவது யாராச்சும் கை வெச்சாங்களா?”

மாமனாருக்கு ரோஷம் வந்துவிட்டது. “என் வண்டியில எவன் கை வெப்பான்? நான் விட்டுடுவேனா? ஒரு ஈ, காக்கா தொட்டதில்ல!”

எலெக்ட்ரீஷியன் அதை நம்பினார். அந்த மனிதரை அறிந்த யாராக இருந்தாலும் நம்பியிருப்பார்கள்.

அந்த மாடலுக்குப் புதுப் பெட்டி வருவது நின்று எத்தனையோ காலம் ஆயிற்று. பழைய வண்டி உடைக்கிற இடங்களாக ஏறி இறங்கினார்கள். அதுவரை லாபத்தையெல்லாம் வாடகையாகக் கொடுத்து வேறொரு வண்டியில் நேரத்துக்குத் துணியைச் சேர்த்தார். ஒரே கம்பெனி, ஒரே வருஷமாக இருந்தால் போதாது. பெட்டியின் மேல் ஒட்டிய நம்பர் கடைசி எழுத்துவரை ஒத்துப்போக வேண்டும். நான்காவது நாள், மரத்தில் மோதி நசுங்கிய ஒரு வண்டியிலிருந்து ஒரு பெட்டி கிடைத்தது. எலெக்ட்ரீஷியன் பழைய பெட்டியிலிருந்த சாவி விவரத்தை லேப்டாப்பில் எடுத்துப் புதியதில் ஏற்றினார். அதை ஏற்றாவிட்டால் சொந்தச் சாவியையே வண்டி திருட்டுச் சாவி என்று நினைத்துக்கொண்டு நகராது. சாயங்காலம் சாவியைத் திருப்பியதும் இன்ஜின் கணீரென்று பிடித்தது. மாமனார் அந்த மனிதரின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

பதினோரு நாள் ஓடியது. பன்னிரண்டாம் நாள் காலை, முழுக்க ஆபரேஷன் துணி ஏற்றிய வண்டி பாலத்தின் நடு உச்சியில் செத்தது. ஆற வைத்தார், கெஞ்சினார், ஸ்டியரிங்கை அடித்தார், ஒன்றும் நடக்கவில்லை. கிடைத்த ஆட்டோவில் மூட்டைகளைத் திணித்துக்கொண்டு அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது தாண்டிவிட்டது.

ஸ்டோர் பொறுப்பாளர் அம்மா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால்கூடத் தேவலாம். “உங்க மேல எனக்குக் கோவம் இல்லீங்க. ஆனா ஆபரேஷன் மேஜையில படுக்க வெச்ச ரெண்டு பேரை எழுப்பித் திருப்பி அனுப்பியிருக்காங்க. மேல கேக்குறாங்க, நான் என்ன சொல்ல? வெள்ளிக்கிழமைக்குள்ள வண்டி சரியாச்சுன்னா வந்து சொல்லுங்க, பேசிப் பாக்குறேன். இல்லேன்னா வேற ஆளுக்குத்தான் போகும்.”

விஷயம் தெரிந்ததும் மனைவி ஈரக்கையோடு நேரே எலெக்ட்ரீஷியன் கடைக்குப் போனாள். நாலு பேர் வேடிக்கை பார்க்க, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள். “செத்த வண்டியில கழட்டுனதை மாட்டி எங்க பொழப்பையும் சாகடிச்சிட்டியே, நீ நல்லா இருப்பியா?” தப்பு தன்னுடையதுதானோ என்ற சந்தேகம் எலெக்ட்ரீஷியனுக்கே இருந்தது.

அன்று மதியமே கரண்ட் அளக்கும் மீட்டரோடு வந்து, பாலத்திலிருந்து இழுத்துவந்து வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் படுத்தார். மனைவி பின்னால் ஷெட்டில் இருந்தாள். பேட்டரியின் எர்த் வயர் வண்டியின் இரும்புச் சட்டத்தோடு சேரும் இடத்தில் மீட்டரை வைத்து மாமனாரை ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு போல்ட்டும், சுரண்டி எடுத்த கறுப்புச் செதிலும் இருந்தன.

“இது என்ன?”

“பெயிண்ட்” என்றார் மாமனார்.

“மேல அடிச்சாப் பரவால்ல. வயரைக் கழட்டி, அதுக்கு அடியில அடிச்சு, அதுக்கு மேல திரும்ப முடுக்கி இருக்கு. ஒரு பூச்சு இல்ல, அஞ்சு இருக்கும். யாரு செஞ்சது?”

“நான்தான், அஞ்சு வருஷமா. கழட்டாம அடிச்சா அந்த எடத்துல துரு வந்துடுமேன்னு...”

எலெக்ட்ரீஷியன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். “அங்க இரும்போட இரும்பு ஒட்டணும், மாமனாரே. நடுவுல பெயிண்ட் இருந்தா கரண்ட் எப்படித் திரும்பும்? ஒவ்வொரு தடவை ஸ்டார்ட் பண்ணும்போதும் வேற வழி தேடி அந்தப் பெட்டிக்குள்ள பூந்திருக்கு. பழசைப் பொசுக்கினதும் அதுதான், நான் மாட்டினதைப் பொசுக்கினதும் அதுதான். உப்புத்தாள் போட்டுத் தேச்சிருந்தா பத்து நிமிஷ வேலை. நானும் மாட்டறதுக்கு முன்ன எர்த்தைப் பாத்திருக்கணும். நீங்க சொன்னதை நம்பிட்டேன்.”

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான். பராமரிக்காதவன் வண்டியெல்லாம் துருவேறி, கடகடத்து, புகை கக்கி ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொண்ட இவர் வண்டி, பார்த்துக்கொண்டதாலேயே செத்தது. இந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது பெட்டி எங்கும் கிடைக்கவில்லை. எலெக்ட்ரீஷியன் போன் போடாத ஆள் இல்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது. மாமனார் ஸ்டோர் அம்மாவைப் பார்க்கப் போகவே இல்லை. மனைவியிடமும் அவர் வாய் திறக்கவில்லை. அந்த நாளெல்லாம் அவள் எலெக்ட்ரீஷியனைச் சபித்துக்கொண்டே வீட்டில் மிஞ்சியிருந்த துணிகளுக்கு இஸ்திரி போட்டாள். இவர் பக்கத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை காலை, வெளுத்து மடித்த கடைசி மூட்டைகளை எடுத்துப்போக, ஆஸ்பத்திரி வேலை கைமாறிப் போயிருந்த புதுக் கம்பெனியின் வேன் வந்தது. ஓட்டி வந்தவனுக்கு முப்பது வயது இருக்கும், நல்ல மாதிரியான ஆள். மூட்டை தூக்கப் போனவன் பிக்கப்பைப் பார்த்து அசந்து நின்றான்.

“அண்ணே, என்னண்ணே இப்படி வெச்சிருக்கீங்க! புதுசாட்டம் இருக்கே!”

“பாக்கத்தான் அழகு, ஓடாது” என்றாள் மனைவி. “அந்த முக்குக் கடை எலெக்ட்ரீஷியன் இருக்கானே, அவன் கெடுத்தான்.”

“அந்தக் கடையா? எங்க ஆறு வேனும் அங்கதானே விடுறோம்! நல்லவேளை சொன்னீங்கக்கா. இன்னைக்கே முதலாளிகிட்டச் சொல்லி மாத்திடறேன்.”

மாமனார் தூக்கிய மூட்டையைக் கீழே வைத்தார்.

“வேணாம் தம்பி. அவர் மேல ஒரு தப்பும் இல்ல. கெடுத்தது நான்தான்.”

நின்ற இடத்திலேயே எல்லாவற்றையும் சொன்னார். எர்த் வயரைக் கழற்றியது, அடியில் பூசியது, அஞ்சு வருஷமாகப் பூசியது, எலெக்ட்ரீஷியன் முதல் நாளே கேட்டும் யாரும் கை வைக்கவில்லை என்றது. வேன்காரன் தலையாட்டிவிட்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போனான்.

மனைவி அவர் எதிரே வந்து நின்றாள்.

“மொத நாளே அவர் கேட்டாரே. யாராச்சும் கை வெச்சாங்களான்னு. ஏங்க சொல்லல?”

“நான் செஞ்சதைக் கை வெச்சதா நெனைக்கலம்மா. அதைப் பாத்துக்கறதாத்தான் நெனைச்சேன்.”

அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டினால் தாங்கியிருப்பார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஷெட்டுக்குள் போனாள். உள்ளே அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் விடியற்காலையிலேயே எழுந்து பற்றவைத்திருந்தாள்.

“அடுப்பை அணைச்சிடவா?” என்று கேட்டாள்.

அவளே அணைத்தாள்.