குடிக்காமல் தள்ளாடிய சின்னப்பன்

உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் நான் கம்பவுண்டராக இருந்தது மதுவிலக்குக் காலம். தள்ளாடுகிறவன் எவன் அகப்பட்டாலும் போலீஸ் எங்களிடம்தான் இழுத்து வரும். 'குடித்திருக்கிறான்' என்று டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தால் கேஸ்.

ஒரு காலையில் அப்படி வந்தவன் சின்னப்பன், கழனிக் கூலி; வலிப்புக்கு எங்களிடம்தான் மாத்திரை வாங்குகிறவன். கூடவே அவன் மனைவி ரோசம்மா, கையில் துணி மூட்டையோடு.

"மாதா கோயில்ல சத்தியம் பண்ணிட்டு மறுபடி குடிச்சிக்கினு வந்து நிக்கிறான் பாருங்க. நான் வாலாஜாபாத்துக்கு எங்கம்மா வூட்டுக்கே போறேன்," என்றாள்.

டாக்டர் அவன் வாயை முகர்ந்தார். வாடையே இல்லை. விரலைக் கண்ணெதிரே பக்கவாட்டில் நகர்த்தினார். கண்மணி இரண்டும் தறி நாடா மாதிரி வெட்டி வெட்டி ஓடின.

"வலிப்பு மாத்திரை எங்கப்பா?"

"துன்னுட்டேன் சார். புள்ளலூர் அறுப்புக்குப் போனப்ப எடுத்துக்கினு போவல. வுட்டுப்போன நாளுக்கெல்லாம் சேத்து நேத்து சாயங்காலம் போட்டுக்கினேன். உள்ள போய் அதது அதும்பாட்டுக்கு நாளுக்கு ஒண்ணா வேலை செய்யும்னு..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாக்டருக்கு வரவில்லை.

"பாதி சரியாத்தான்யா சொல்றான். இந்த வலிப்பு மாத்திரை, பெனிடாயின், லேசுல கரையாது. அளவுக்கு மீறி முழுங்கினா குடல்லயே தங்கி, கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல ஏறிக்கிட்டே இருக்கும். நாளைக்கு இதைவிட மோசமாவான்."

வயிற்றைக் கழுவினோம், கொஞ்சம்தான் வந்தது. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மயக்கத்தில் வாந்தி எடுத்து மூச்சடைத்தால் உயிரே போய்விடும், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

அவனை இழுத்து வந்த கான்ஸ்டபிள் நம்பவில்லை. "சாராயம்னா நாளைக்குத் தெளிஞ்சிடும் சார். அப்ப வந்து பாத்துக்கறேன்."

ரோசம்மாவும் மூட்டையை அவிழ்க்கவில்லை. "நான் இங்கியே குந்திக்கினு இருக்கேன். வாயில இன்னா போவுதுன்னு நானும் பாக்கறேன்."

மறுநாள் சின்னப்பனால் உட்காரவே முடியவில்லை. நாக்கு குழறியது. கான்ஸ்டபிளுக்கோ ஏக சந்தோஷம்: "உள்ளயே எவனோ கொண்ணாந்து ஊத்திக்கீறான்."

ரோசம்மா எழுந்தாள். "எவன் ஊத்துவான்? கண்ணு மூடாம நான் குந்திக்கினு கீறேன். கஞ்சித்தண்ணி தவிர ஒண்ணும் உள்ள போவல. நேத்தைக்கு இன்னிக்கு ஜாஸ்தியா ஆடறாரு. எந்தச் சாராயம் சாமி மறுநாளைக்கு ஏறும்?"

முந்தின நாள் 'நிக்கிறான்' என்றவள் இன்று 'ஆடறாரு' என்றதை நான் கவனித்தேன். கான்ஸ்டபிள் தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

சில நாள் பயமுறுத்திவிட்டுத்தான் தெளிந்தான். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார்: "விட்டுப்போன நாளுக்கெல்லாம் சேத்துப் போடக்கூடாது. விட்டது விட்டதுதான்."

இளைய கம்பவுண்டர்களே, மாத்திரையைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தால் மட்டும் போதாது. இந்த வார்த்தையையும் சேர்த்துக் கொடுங்கள். வேறு இடத்திலும் பயன்படும்.

வாசலில் சின்னப்பன் முறைத்துக்கொண்டு நின்றான். "குடிக்காதவன குடிகாரன்னு ஊருக்கே சொன்னியே, அது?"

ரோசம்மா மூட்டையை அவன் தலையில் ஏற்றினாள்.

"இப்பதான டாக்டர் சொன்னாரு. வுட்டது வுட்டதுதான். நட, வூட்டுக்கு."