டெம்பர் கடையில் போட்ட ரகசிய ஓட்டு

எங்கள் குடியிருப்பு வாசலை ஒட்டி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவரை எல்லோரும் டெம்பர் என்றுதான் கூப்பிடுவோம். சார்ஜர் வாங்கப் போனாலும் சரி, சும்மா வழி கேட்கப் போனாலும் சரி, முதலில் போன் திரைமேல் டெம்பர் கிளாஸ் ஒன்று ஒட்டிக்கொள்ளச் சொல்வார். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

இந்த முறை குடியிருப்புச் சங்கத் தலைவர் தேர்தலைச் செல்போனிலேயே நடத்த முடிவானது. வீட்டிலிருந்தே போடலாம், யாருக்குப் போட்டோம் என்பது ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது என்றார் செயலியைக் கொண்டுவந்த பேராசிரியர். போட்டியிட்டவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். இன்னொருவர் டெம்பரின் மனைவி. எங்களுக்கெல்லாம் அக்கா.

செயலி எல்லோரையும் படுத்தி எடுத்தது. கடவுச்சொல் கேட்டது, முகத்தைக் காட்டச் சொன்னது, ஓ.டி.பி.யை அனுப்பிவிட்டுக் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் காலாவதி என்றது. ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு டெம்பரிடம் ஓடினார்கள். கடை மேஜைமேல் குனிந்து, யாருக்கு என்று காதோடு காதாகச் சொல்வார்கள். அவர் பட்டனை அழுத்துவார். பல் டாக்டருக்கு என்றவர்களுக்கும் சொன்னபடியே போட்டார். சொந்தப் பொண்டாட்டிக்கு எதிராகப் போட மனசு வந்ததா என்று பின்னால் கேட்டேன்.

"என் போனா அது? அவங்க போனு," என்றார்.

பல் டாக்டர் ஜெயித்தார். அன்று சாப்பிடும்போது அக்கா, தனக்குப் போடாதவர்கள் யார் யார் என்று விசாரித்தார். ஓட்டு ரகசியம் என்று சொல்லிவிட்டு டெம்பர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் மனுஷனுக்கு ஒரு கோளாறு. எதையாவது மனசுக்குள் அமுக்கினால் விக்கல் வந்துவிடும். கல்யாணமான புதிதிலேயே அக்கா கண்டுபிடித்துவிட்டார். தண்ணீர்ச் சொம்பை அவருக்கு எட்டாத இடத்தில் நகர்த்திவைத்துவிட்டு, நிதானமாக ஒவ்வொருவர் பெயராகச் சொன்னார். மாடி வீட்டு டீச்சருக்குச் சத்தமில்லை. தையல்காரருக்கு ஒரு விக்கல். சொந்தத் தங்கச்சிக்கு இரண்டு, தங்கச்சி புருஷனையும் சேர்த்து.

"சரி, நீங்க?"

வந்த விக்கலில் தட்டே ஆடியது.

"நீ தலைவரானா நம்ம ஹால்லதான் தினம் மீட்டிங் நடக்கும்," என்றார் பரிதாபமாக.

மறுநாள் அக்கா யார் யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பினார் என்பதை வைத்தே குடியிருப்புக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விக்கல் கதையும் மாடிவரை ஏறிவிட்டது. தையல்காரர் பேராசிரியரிடம் சண்டைக்குப் போனார். செயலியில் ஓட்டையே இல்லை என்று பேராசிரியர் சாதித்தார்.

"செயலியில இல்ல சார், டெம்பர் தொண்டையில இருக்கு," என்றார் தையல்காரர்.

பல் டாக்டர் நல்ல மனிதர். இப்படி ஜெயித்தால் உட்கார்ந்த நாற்காலி உறுத்தும் என்று அவரே மறுதேர்தல் கேட்டார். இந்தத் தடவை காகிதச் சீட்டு, அட்டைப்பெட்டி, மறைப்புக்குக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு போர்வை. போர்வைக்குப் பின்னால் போன ஒரு பெரியவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பிறகு குரல் மட்டும் வந்தது.

"டெம்பர் தம்பி, போன தடவை நான் யாருக்குப் போடச் சொன்னேன்?"

அக்கா ஜெயித்தார். பல் டாக்டர்தான் முதலில் கைகொடுத்தார். இந்த முறை உனக்குத்தான் போட்டேன் என்று தங்கச்சி அடித்துச் சொல்கிறாள். அக்கா தலையாட்டிக்கொள்கிறார். வேறு என்ன செய்வது, போர்வையைப் போய்க் கேட்க முடியுமா?